கையில் இருக்கும் அமானிதம்

சனிக்கிழமைகளில் பேரனைக் காரைதீவுக்குக் கூட்டிப் போவது என் வேலை. வரிப்பத்தான்சேனையிலிருந்து சம்மாந்துறை வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ். அவனுக்குப் பதினொரு வயது. முக்கால் அளவு வயலின் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வருவான். வயலின் பெட்டிக்கு ஒரு உருவம் இருக்கிறது. பார்த்தவுடன் யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆகையால் அதைக் கழுவிக் காயவைத்த உரப்பை ஒன்றுக்குள் போட்டு வாயைக் கட்டிக்கொள்வோம். வயலுக்குப் போகும் கிழவனும் பேரனும் போலத்தான் சந்தியில் நிற்போம்.

அந்த உரப்பையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் மாஸ்டர் கேட்ட கேள்வி.

மாஸ்டர் நாற்பது வருடமாக வில் பிடித்தவர். கோயில் திருவிழாக் கச்சேரிகளிலும் பரதநாட்டிய அரங்கேற்றங்களிலும் வாசித்து அந்த வருமானத்தில் பிள்ளைகளைக் கரைசேர்த்தவர். வார இறுதிகளில் வீட்டு விறாந்தையோடு ஒட்டிய சிறிய இசைப் பள்ளியில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறார். எங்கள் பக்கத்திலிருந்து போகிற பிள்ளை இவன் ஒருவன்தான். பாடசாலைத் தமிழ்த் தினப் போட்டியில் யாரோ ஒரு பிள்ளை வாசித்ததைக் கேட்டுவிட்டு வந்து, மூன்று மாதம் ஈர்க்கில் இரண்டை வைத்து உரசிக்கொண்டு திரிந்தவன். நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். ஒரு பிள்ளை எதையாவது கற்க ஆசைப்படுவதைக் கண்டால் சும்மா இருக்க முடியாத வியாதி எனக்கு.

சென்ற மாதம் வகுப்பு முடிந்து மற்றப் பிள்ளைகள் போன பிறகு மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார்.

"சேர், ஒன்டு கேக்கட்டா? தம்பிக்கு நல்ல காது. சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம், இதெல்லாம் நான் எல்லாப் புள்ளைக்கும் குடுக்கிறதுதான். அதுக்கு மேல ஒன்டிருக்கு. அது என்ட குரு என்ட கையப் பிடிச்சுத் தந்தது. அத இவனுக்குக் குடுக்கலாம். ஆனா நாளைக்கு உங்கட ஊரில வேணாம் எண்டு சொன்னா, இவன் விட்டுப்போட்டுப் போயிருவான். அப்ப நான் குடுத்தது எங்க போகும்?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. அடுத்த கிழமை சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். இந்தக் கட்டுரை அந்தப் பதிலைத் தேடியதன் பயன்.

அவர் சொன்ன 'அதுக்கு மேல ஒன்டு' என்ன என்பதை, சங்கீதம் தெரியாத நான் எட்ட இருந்து பார்த்த அளவில் சொல்கிறேன். கர்நாடக முறையில் வயலினைச் சம்மணமிட்டு அமர்ந்து, அதன் தலையை வலது கணுக்காலருகே ஊன்றி வாசிக்கிறார்கள். நான்கு கம்பிகளை ஸ, ப, ஸ, ப என்று சேர்க்கிறார்கள். கிட்டாரில் போல விரலுக்கு இடம் காட்டும் கட்டைகள் இதில் கிடையாது. விரல் எங்கே நிற்கவேண்டும் என்பதைக் காதுதான் சொல்லவேண்டும். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போவது, ஒரே சுரத்தை அசைப்பது ஆகிய கமகங்கள்தாம் இராகத்தின் உயிர் என்கிறார்கள். சுரத்தைப் புத்தகத்தில் எழுதலாம். அசைவு எவ்வளவு என்பதை எந்தப் புத்தகமும் எழுதியதில்லை. மாஸ்டர் பேரனின் விரலின் மேல் தன் விரலை வைத்து அசைக்கிறார். பிறகு தன் விரலை எடுத்துவிடுகிறார். பாடம் அவ்வளவுதான்.

இதைப் பார்த்தபோது எனக்கு ஓதப்பள்ளி ஞாபகம் வந்தது. குர்ஆன் முஸ்ஹபில் எழுதியிருக்கிறது. ஆனால் 'ழாத்' என்ற எழுத்து நாவின் எந்தப் பக்கத்திலிருந்து புறப்படுகிறது என்பதை நான் லெப்பையின் வாயைப் பார்த்துத்தான் படித்தேன். அவர் ஓதினார், நான் ஓதினேன், பிழையென்றார், மீண்டும் ஓதினேன். அவரும் அப்படித்தான் ஒருவரிடம் கேட்டிருந்தார். முறையாக ஓதக் கற்றவர்களுக்கு இஜாஸா கொடுக்கும்போது, யாரிடமிருந்து யார் கேட்டார் என்ற வரிசை பின்னோக்கி நபிகளார் வரை போகிறது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கிறேன் என்று யாரும் கோபிக்கவேண்டாம். ஒன்று வணக்கம், மற்றது கலை. ஆனால் ஒரு மனிதனிடமிருந்து இன்னொரு மனிதனுக்கு நேரே மட்டும் போகக்கூடிய அறிவு என்று ஒரு வகை உண்டு என்பதை எனக்கு முதலில் காட்டியது ஓதப்பள்ளிதான்.

அந்த வகை அறிவு ஒரு தலைமுறை அறுந்தால் என்ன ஆகும்? இதற்கு உதாரணம் தேட மாஸ்டர் வீட்டிலிருந்து அதிக தூரம் போகத் தேவையில்லை. சுவாமி விபுலாநந்தர் 1892 இல் பிறந்த ஊர் காரைதீவு. இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரான அவர், ஏறத்தாழ பதினான்கு வருடம் உழைத்து 'யாழ் நூல்' எழுதினார். 1947 ஜூன் மாதம் தமிழ்நாட்டில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அது அரங்கேறியது. அடுத்த மாதமே சுவாமி காலமானார்.

அந்த நூல் எங்கிருந்து முளைத்தது என்பதுதான் எனக்கு முக்கியம். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில், ஐந்து வயதில் கற்கத் தொடங்கிப் பன்னிரண்டு வயதில் அரங்கேறும் மாதவிக்கு அமைந்த ஆசிரியர்களை இளங்கோ ஒவ்வொருவராகச் சொல்லிப் போகிறார். ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமை ஆசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன். இந்த யாழாசிரியனின் தகுதியைக் கூறும் இருபத்தைந்து அடிகளின் விரிவுரையாகத்தான் சுவாமி தமது பெருநூலை அமைத்தார். ஒரு சிறுமிக்கு நரம்புக் கருவி சொல்லிக்கொடுத்த ஒரு தொழில்முறைக் கலைஞன் எதையெல்லாம் அறிந்திருக்கவேண்டும் என்று கவி சொன்னதை விளங்கிக்கொள்ள, அவ்வளவு பெரிய கல்விமானுக்கு, அதுவும் கணிதமும் விஞ்ஞானமும் கற்றவருக்கு, அத்தனை வருடம் போனது. பேரியாழுக்கு இருபத்தொரு நரம்பு, சகோடயாழுக்குப் பதினான்கு, செங்கோட்டியாழுக்கு ஏழு என்ற கணக்கு ஏட்டில் இருந்தது. பாலைகளும் பண்களும் பெயரோடு இருந்தன. இல்லாமற் போனது அந்த யாழாசிரியனின் விரல். பாணர் குடியில் தந்தையின் கையைப் பார்த்து மகன் கற்ற ஒன்று, ஏதோ ஒரு காலத்தில் யாருக்கும் சொல்லாமலே மண்ணுக்குள் போயிருக்கிறது. சுவாமி கணக்கிட்டு மீட்டது பேரறிவு. ஆனால் அந்த விரலைக் கணக்கிட்டு மீட்க முடியாது.

சரி, கையில் வைத்திருப்பவர்கள் ஏன் கொடுக்காமல் இருக்கிறார்கள்? யோசித்துப் பார்த்ததில் எனக்கு நான்கு பயங்கள் தெரிந்தன.

முதலாவது, சோற்றுப் பயம். வட இந்தியாவில் சித்தாரும் சரோதும் பீன் என்கிற வீணையும் வாசித்த உஸ்தாதுமார் பெரும்பாலும் முஸ்லிம்கள். அரசவைகளை நம்பி வாழ்ந்த குடும்பங்கள். அவர்களுக்கு ஒரு இராகத்தின் நுட்பம் என்பது நமக்கு வயற்காணி போல. அதை வெளியாருக்குக் கொடுப்பது, மகனின் காணியை அந்நியனுக்கு எழுதிக்கொடுப்பது. சில உருப்படிகளைச் சீதனமாகவே கொடுத்தார்கள் என்று சொல்வதுண்டு. இவர்களைக் கஞ்சர்கள் என்று இன்று ஏசுவது இலகு. சம்பளமும் பென்ஷனும் வாங்கிய என் போன்றவர்கள் ஏசக்கூடாது.

இரண்டாவது, மாணவன் தன்னை மிஞ்சிவிடுவானோ என்ற பயம். பதினேழாம் நூற்றாண்டில் மக்கரீ எழுதிவைத்த ஸிர்யாபின் கதை பலருக்குத் தெரியும். பக்தாதில் இஸ்ஹாக் அல் மௌஸிலியிடம் ஊது என்ற நரம்புக் கருவி கற்ற ஸிர்யாப், ஒருநாள் கலீபாவின் முன் தன் உஸ்தாதை விட நன்றாக வாசித்துவிட்டார். ஊரைவிட்டுப் போ, இல்லாவிட்டால் என் பகையைத் தாங்கு என்றாராம் உஸ்தாத். 822 இல் ஸ்பெயின் போய்ச் சேர்ந்த ஸிர்யாப் குர்துபாவில் பாடம் நடத்தினார். ஊதுக்கு ஐந்தாவது நரம்பு கட்டினார், மீட்டுவதற்குக் கழுகின் இறகைப் பயன்படுத்தினார் என்பார்கள். இதில் கதை எவ்வளவு, வரலாறு எவ்வளவு என்று ஆய்வாளர்கள் வாதிடட்டும். ஆசிரியத் தொழில் செய்த எவருக்கும் இஸ்ஹாக்கின் நெஞ்சில் எழுந்தது அந்நியமான உணர்ச்சியல்ல.

மூன்றாவது, வீணாகிவிடுமோ என்ற பயம். மாஸ்டருடையது இதுதான். நான்காவதைப் பின்னால் சொல்கிறேன்.

இந்தப் பயங்களை எல்லாம் ஒரே வாழ்க்கையில் சந்தித்த ஒருவர் உஸ்தாத் அலாவுதீன் கான். இன்றைய வங்காளதேசத்தின் பிராமன்பாரியாப் பக்கத்துச் சிப்பூர் கிராமத்து முஸ்லிம். சிறுவயதில் வீட்டைவிட்டு ஓடிக் கல்கத்தாவில் பாட்டும் பல வாத்தியங்களும் கற்றவர். ராம்பூர் அரசவையில் இருந்த வஸீர் கானிடம் மாணவராகப் போய்ச் சேர்ந்தார். தான்சேன் வழிவந்த குடும்பம் அது. மைஹர் மரபினர் சொல்லும் வரலாற்றின்படி, வஸீர் கான் அவரை ஏற்றுக்கொண்டாரே தவிர வருடக்கணக்காகச் சொல்லிக்கொடுக்கவில்லை. பிறகு அவருடைய மூத்த மகன் இறந்துபோனார். யாருக்காகப் பூட்டி வைத்தாரோ அவரே இல்லை. அப்போதுதான் அந்த வங்காளத்து ஏழை மாணவனைக் கூப்பிட்டுக் கையிலிருந்ததைக் கொடுத்தார். அப்போதும் பீன் வாசிப்பைக் கொடுக்கவில்லை, அது குடும்பத்துக்குரியது. சரோதில் வாசித்துக்கொள் என்றார் என்பார்கள்.

அப்படிப் பெற்றவர் பின்னால் என்ன செய்தார்? மைஹர் சமஸ்தானத்தில் இருந்துகொண்டு, கேட்டு வந்தவருக்கெல்லாம் கொடுத்தார். 1918 இன் பெருங்காய்ச்சலில் பெற்றோரை இழந்த அநாதைப் பிள்ளைகளைக் கூட்டி ஒரு வாத்தியக் குழு அமைத்தார். துப்பாக்கிக் குழாய்களை வெட்டி 'நள் தரங்' என்று ஒரு கருவி செய்து அவர்களுக்குக் கொடுத்தார். மகன் அலி அக்பர் கான், மகள் அன்னபூர்ணா தேவி, பிராமணப் பிள்ளைகளான ரவி சங்கர், நிகில் பானர்ஜி எல்லோரும் அவர் கையால் உருவானவர்கள். ஐவேளை தொழுத மனிதர். மைஹர் மலைமேலிருந்த சாரதா கோயிலிலும் ஈடுபாடு கொண்டவர். அதை நம்மில் பலர் ஒப்ப மாட்டோம், நானும் ஒப்பவில்லை. ஆனால் கற்பிப்பதில் அவர் ஆள் பார்த்துப் பூட்டவில்லை என்பதை ஒப்பத்தான் வேண்டும். 1972 இல் அவர் காலமானார். அலி அக்பர் கான் 1956 இல் கல்கத்தாவிலும் 1967 இல் கலிபோர்னியாவிலும் இசைக் கல்லூரி தொடங்கி, 2009 இல் இறக்கும்வரை அந்நிய நாட்டுப் பிள்ளைகளுக்குக் கற்பித்துக்கொண்டிருந்தார்.

அலாவுதீன் கானை ஒரு வலியுல்லாஹ்வாக்கவும் நான் விரும்பவில்லை. அவர் கடுமையாக அடிப்பவர். அலி அக்பரே ஒருமுறை வீட்டைவிட்டு ஓடிப்போனார். கொடுக்கும் கடமை இருக்கிறது என்பதற்காகப் பிள்ளையை நசுக்கும் உரிமை வந்துவிடாது. மாஸ்டர் பேரனின் விரலில் தட்டுவதுகூட இல்லை. இவர் இந்த விடயத்தில் அந்தப் பெரிய உஸ்தாதை விடப் பெரியவர்.

அலாவுதீன் கானிடம் கற்றவர்களில் வயலின் கலைஞர் வி.ஜி. ஜோக்கும் ஒருவர். லக்னோவில் அவரிடம் கற்கப் போனவர் நமது நாட்டு அமரதேவ. 2016 இல் அவர் மறைந்தபோது முழு நாடும் துக்கம் கொண்டாடியது. ராம்பூரில் ஒரு கிழவர் மனம் மாறியதன் ஈரத்தில் ஒரு துளி, வழியில் எத்தனையோ ஊற்றுக்களோடு கலந்து, இந்தத் தீவின் சிங்களப் பாட்டுக்குள்ளும் வந்து விழுந்திருக்கிறது. வஸீர் கானுக்கு இலங்கை எங்கே இருக்கிறதென்று தெரிந்திருக்குமோ என்னவோ. மாஸ்டரின் 'எங்க போகும்' என்ற கேள்விக்கு இதில் ஒரு பதில் இருக்கிறது. எங்கே போகும் என்பது கொடுப்பவரின் கண்ணுக்குத் தெரியும் விடயமே இல்லை. மாஸ்டரின் வயலினும் அப்படி வந்ததுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலுஸ்வாமி தீட்சிதர் அதைச் சென்னையில் ஒரு ஐரோப்பியரிடம் கற்றுக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தார். அந்த வெள்ளைக்காரர், இது உங்கள் கோயிலுக்கு ஆகாது என்று பெட்டியை மூடியிருந்தால் காரைதீவில் இன்று விறாந்தை மட்டுமே இருக்கும்.

இனி நான்காவது பயம். எனக்குப் பதினான்கு வயதாக இருக்கும்போது எங்கள் ஊர்ப்பக்கத்தில் மென்டலின் வாசிக்கும் ஒருவர் இருந்தார். கல்முனைப் பக்கத்து வாத்தியக் குழுக்களில் வாசித்துவிட்டு, வேளாண்மை வெட்டுக் காலத்தில் கூலிக்கும் போவார். இரவில் களத்துமேட்டில் அவர் வாசிக்கும்போது சூடு அடிக்கிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். நான் போய்ச் சொல்லித்தரக் கேட்டேன். அவர் என் தலையைத் தடவினார். "வேணா மகன். நான் பிழைச்சிட்டன். என்ட பாவம் என்னோட போகட்டும், ஒனக்கு வேணா" என்றார். அவருக்குச் சோற்றுப் பயமில்லை, பொறாமையில்லை. என்னை நரகத்திலிருந்து காப்பாற்றுவதாக நினைத்தார். அவர் மௌத்தான பிறகு அந்த மென்டலினைச் சிறுபிள்ளைகள் இழுத்து விளையாடி உடைத்தார்கள். அவர் வாசித்த எதுவும் இன்று யாருக்கும் நினைவில்லை, எனக்கும்தான்.

அவரை நான் குறைசொல்ல மாட்டேன். இசை பற்றிய வழக்கு நம்மிடம் பழையது. இமாம் கஸ்ஸாலி 'இஹ்யா'வில் ஸமாஉ பற்றித் தனிப் பாகமே எழுதிப் பாட்டுக்கு இடம் கொடுத்தார். ஆனால் நரம்புக் கருவிகளை விலக்கினார். அவை அன்று மதுச் சபைகளின் அடையாளமாக இருந்தன என்பது அவர் காட்டிய காரணங்களில் ஒன்று. இப்னு ஹஸ்ம், தடைக்கு ஆதாரமாகக் காட்டப்படும் அறிவிப்புகள் பலமற்றவை என்று கூறி ஆகுமென்றார். பெரும்பாலான மார்க்க அறிஞர்கள் கஸ்ஸாலியின் பக்கமோ அதைவிடக் கடுமையாகவோ நிற்கிறார்கள். இதைத் தீர்த்துவைக்க எனக்குத் தகுதியில்லை. அறிவை மறைப்பவருக்கு நெருப்பாலான கடிவாளம் என்ற ஹதீஸையும் இங்கே இழுக்க மாட்டேன். அது மார்க்க அறிவைப் பற்றியது என்று உலமாக்கள் சொல்லியிருக்கிறார்கள். நான் சொல்ல வருவது இதைவிடச் சிறியது. தான் செய்வது பாவமென்று நம்புகிறவர் அதைக் கற்பிக்காமல் இருப்பது நேர்மை. மென்டலின்காரர் நேர்மையானவர். ஆனால் பாவமல்ல என்று நம்புகிற ஒருவர், சோற்றுக்காகவோ பொறாமையாலோ வீணாகுமென்றோ மறைப்பது வேறு. அவர் கையிலிருப்பது அவர் உண்டாக்கியதல்ல. யாரோ அவர் விரலைப் பிடித்து அசைத்து வைத்துவிட்டுப் போனது. வைத்துவிட்டுப் போனதை நாம் அமானிதம் என்கிறோம். அமானிதத்துக்குக் கூலி வாங்கலாம், காவலுக்குக் கூலி உண்டு. தகுதி பார்த்துக் கொடுக்கலாம், காலம் பார்த்துக் கொடுக்கலாம். தன்னோடு கபுறுக்குக் கொண்டுபோக மட்டும் முடியாது.

வாங்குகிறவனுக்கும் இதே கணக்குத்தான். இங்கேதான் உரப்பை வருகிறது.

பேரனின் வாப்பா கத்தாரில் இருக்கிறார். சனிக்கிழமை வகுப்புக்கென்று அவர் அனுப்பும் காசு ஆங்கில ரியூஷனுக்கு என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். நான் பொய் சொல்லவில்லை, கேட்காததைச் சொல்லவில்லை. எழுபது வயதில் இப்படியொரு வக்கீல் வாதம்! ஊருக்கும் பயம். 1985, 1990 இல் நடந்தவற்றின் பிறகு காரைதீவுக்கும் நமது ஊர்களுக்கும் இடையில் பஸ் ஓடுவதே பெரிய விடயமாக இருந்த காலம் இருந்தது. அந்த வீட்டு மனிதர் என் பேரனின் கையைப் பிடித்துத் தன் குரு தந்ததைக் கொடுக்கலாமா என்று கேட்கிறார். நானோ அவர் கொடுப்பதை உரப்பைக்குள் கட்டி எடுத்து வருகிறேன். அவருடைய பயத்துக்குக் காரணம் ஊர் என்று நினைத்தேன். ஊர் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. காரணம் நான்தான்.

அந்தக் கிழமையே மகனுக்குப் போனில் சொன்னேன். நெடுநேரம் சத்தமில்லை. பிறகு, "மௌலவிக்கிட்டக் கேட்டீங்களா வாப்பா?" என்றார். இல்லை என்றேன். "அவன் தொழுறானா?" தொழுகிறான் என்றேன். "யோசிச்சுச் சொல்றன்" என்று வைத்துவிட்டார். அவர் வேண்டாமென்றால் நான் நிறுத்தவேண்டி வரும், பிள்ளை அவருடையது. அதையும் மாஸ்டரிடம் ஒளிக்காமல் சொன்னேன்.

"மாஸ்டர், இவன் விடமாட்டான் எண்டு என்னால உறுதி தர ஏலாது. இவன்ட வாப்பா இன்னும் சரியெண்டு சொல்லல்ல. ஆனா நீங்க குடுங்க. இவன் விட்டா அது இவன்ட கணக்கு, என்ட கணக்கு. உங்கட கணக்கில வராது."

அவர் சிரித்தார். பேரனைக் கூப்பிட்டு எதிரே இருத்தி அவன் விரலின் மேல் தன் விரலை வைத்தார்.

திரும்பி வரும்போது பேரன் கேட்டான், "மூத்தவாப்பா, பேக்குக்குள்ள போடல்லயா?" உரப்பையை மாஸ்டர் வீட்டுத் திண்ணையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். சம்மாந்துறையில் பஸ் மாறும்போது தெரிந்த இருவர் பெட்டியைப் பார்த்தார்கள். ஒருவர் என்ன அது என்று கேட்டார். வயலின் என்றேன்.

மகன் இன்னும் பதில் சொல்லவில்லை. நாளை மறுநாள் சனிக்கிழமை.